ஆரும் கை குடுக்காதீங்க

நான் கராத்தே கத்துக்கிட்டது ஆரையும் அடிக்கறதுக்கு இல்லைங்க. கீழ உழுந்தா ஆரு தயவும் இல்லாம எந்திரிக்கறதுக்கு. இதைச் சொன்னா இப்பவும் சிரிக்கறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். தொண்ணூறு கிலோவுக்கு மேல கனத்தோட தரையில மல்லாக்கக் கெடந்து பாத்தவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

தொண்ணூறுகளோட நடுவுல நடந்தது இது. எனக்கு அப்ப முப்பத்தி ரெண்டு வயசு, பொண்ணு மூணாவது படிச்சுட்டு இருந்தா. ஊடு துடியலூருக்குப் பக்கம். கணபதியில ஒரு பம்ப் பவுண்டரியில டெஸ்பாட்ச் கிளார்க் வேலை பாத்தேன். வார்ப்பு ஒவ்வொண்ணையும் தராசுல ஏத்தச் சொல்லி, எடை போட்டு, லாரிக்கு அனுப்போணும். மத்தியானம் ஆளுங்க சாப்பிடப் போற நேரமாப் பாத்து நானும் அந்தப் பெரிய தராசுல ஏறி நின்னு பாப்பேன். தொண்ணூத்தி ரெண்டு காட்டும். அட கெரகமேன்னு கீழ எறங்கி, ஆரும் பாக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டு டிபன் பாக்ஸைத் தொறப்பேன்.

அந்த வேலை எனக்கு உசுரு. சம்பளத்துக்காகன்னு மட்டும் நெனைச்சுக்காதீங்க. ஊட்டுல நான் மருமக, பொண்டாட்டி, அம்மா. எல்லாரும் பிரியமாத்தான் இருப்பாங்க, ஆனா என் பேச்சைக் கேட்டு எதுவும் நகராது. பவுண்டரியில நான் சரின்னாத்தான் லாரி கெளம்பும், வேண்டாம்னா நிக்கும். அந்த ருசி கண்டவளுக்கு அதை உட முடியாதுங்க.

ஆனி மாசக் கடைசி, காத்துக் காலம். பொழுதோட பஸ்ஸை உட்டு எறங்கி, மெயின் ரோட்டுல இருந்து ஊட்டுக்குப் போற மண்ணு ரோட்டுல நடந்துட்டு இருந்தேன். ஒரு பக்கம் சோளக்காடு. இன்னொரு பக்கம் சைட்டு பிரிச்சு வெறுங் கல்லு நட்டு உட்டிருந்தாங்க. பின்னால பைக் சத்தம் கேட்டுச்சு, ஒதுங்குனேன். பக்கத்துல வந்ததும் ஒரு கை என் கழுத்துக்கு வந்துச்சு. தாலிக்கொடியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அவன் இழுத்தான், நான் உடலை. கடைசியா ஒரு தள்ளு தள்ளிப்போட்டு பைக்கை முறுக்கிக்கிட்டுப் போயிட்டான். கொடி தப்பிச்சுது. நான் ரோட்டோரப் பள்ளத்துல மல்லாந்து கெடந்தேன்.

அடி ஒண்ணும் பெருசாப் படலை. ஆனா எந்திரிக்க முடியலைங்க! கையை ஊனுனா மண்ணு சரியுது. முட்டியை மடக்குனா வவுறு தடுக்குது. சேலை ரெண்டு காலையும் சுத்திக்கிச்சு. அவன் திரும்பி வந்தா அப்படியே கழட்டிக் குடுக்க வேண்டியதுதான். "ஆராச்சும் வாங்களேன்"னு நான் போட்ட சத்தம் எனக்கே கேவலமா இருந்துச்சு. பால் ஊத்தப் போன ரெண்டு பேரும், பின்னால வந்த ரெண்டு பொம்பளைகளும் சேந்து தூக்குனாங்க. "பாத்துங்க, அந்தப் பக்கம் நல்லாப் புடிங்க, கனமுங்க"ன்னு ஒருத்தர் சொன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். பவுண்டரியில வார்ப்பு ஏத்தறப்ப ஆளுங்ககிட்ட நான் சொல்றதும் அதேதான். அந்தத் திருட்டுப் பயல் மேலகூட எனக்கு அவ்வளவு கோவம் வரலை. என் ஒடம்பு மேல வந்துச்சு.

என் ஊட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருந்தார். தங்கமான மனுசன். அதட்டிப் பேசத் தெரியாது. என் முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கிட்டே மெதுவா ஆரம்பிச்சார்.

"போதும் அம்மணி. வேலையை உட்டுப்போடு."

"உழுந்தது நான், தள்ளுனது அவன். வேலையை உட வேண்டியது நானுங்களா?"

"கோவிச்சுக்காத. இன்னொருக்கா உழுந்தா என்ன பண்ணுவே? இன்னைக்கு ஆளு வந்தாங்க. வராட்டி?"

கடைசியில அவரே ஒரு வழி சொன்னார். தீவாளி நோம்பி வரைக்கும் ஸ்கூட்டர்ல கொண்டு போய் உட்டுக் கூட்டிட்டு வர்றது அவர் பொறுப்பு. கடையைப் போட்டுட்டு அதுக்கு மேல முடியாது. அதுக்குள்ள நான் உழுந்தா நானா எந்திரிக்கற அளவுக்கு வந்துட்டா, தனியாப் போய்க்கலாம். இல்லாட்டி வேலையை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடோணும்.

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் என்னைக்கு மாறுனேன்?"

அவர் மனசுல என்ன கணக்குன்னு எனக்குத் தெரியும். இவ எங்க எந்திரிக்கப் போறான்னு ஒரு தைரியம். இருக்கட்டும், பாத்துக்கலாம்னு நெனைச்சேன்.

பக்கத்துக் கல்யாண மண்டபத்துல, பந்தி போடற ஹால்ல, காலையில ஒரு தம்பி கராத்தே சொல்லிக் குடுத்துட்டு இருந்தார். ஆடி மாசம் முகூர்த்தம் இல்லாததால மண்டபம் சும்மா கெடக்கும், தெனமும் வகுப்பு உண்டு. போய்ப் பாத்தேன். மில்லு வேலைக்குப் போற பசங்க, காலேஜ் பசங்க, ஒரு பேங்க் ஆபீசர், எல்லாரும் வெள்ளை உடுப்புல நின்னாங்க. பொம்பள ஆளே இல்லை. மாஸ்டருக்கு இருவத்தஞ்சு வயசு இருந்தா எச்சு. என்னைப் பாத்ததும், "வாங்கக்கா, பையனைச் சேக்கறீங்களா?"ன்னார்.

"நாந்தானுங்க சேரறேன். ஒல்லியாகறதுக்கு வரலை. உழுந்தா நானா எந்திரிக்கோணும். அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

அவர் சிரிக்கலை. அந்த ஒரு காரணத்துக்காகவே பணத்தைக் கட்டிச் சேந்துட்டேன்.

சுடிதார் தெக்கறதே ஒரு கூத்து. கல்யாணத்துக்குப் பொறவு நான் சேலையைத் தவிர ஒண்ணும் உடுத்துனதில்லை. டெய்லர் அளவு எடுத்து, சந்தேகம் வந்து, இன்னொருக்கா எடுத்தார். "டேப்பு சரியாத்தானுங்க இருக்குது, தைங்க"ன்னேன். மாமியார் மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. ஆனா என் தட்டுல மட்டும் ஒரு கரண்டி நெய்யி எச்சா உழுந்துச்சு. "கராத்தேக்குப் போறவளுக்குத் தெம்பு வேணுமல்ல" - இதை அவங்க கிண்டலாச் சொன்னாங்களா பிரியமாச் சொன்னாங்களான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க.

மொத வாரம் எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. பஸ்கின்னு குந்திக் குந்தி எந்திரிக்கச் சொல்லுவாங்க. நான் பந்தி மேசையைப் புடிச்சுக்கிட்டுப் பாதி குந்தறதுக்குள்ள முட்டி ரெண்டும் அழுதுச்சு. தண்டால் எடுக்கத் தரையில கையை ஊன முடியாது, அதனால செவுத்துல ஊனி எடுத்தேன். ஊட்டுப் படியேற முடியாமக் கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டுக் குறுக்கால ஏறுனேன். எம்பொண்ணு, "அம்மா, நண்டாட்டம் ஏறறே"ன்னா. "ஏறறனா இல்லையா, அதைச் சொல்லு"ன்னு திருப்பிக் குடுத்தேன்.

பொறவு உழுகப் பழக்குனாங்க. மல்லாக்க உழுந்தா தாடையை நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கோணும், கையால தரையை அடிச்சு வாங்கிக்கோணும். சணல் சாக்கை அடுக்கி, மேல ஜமக்காளம் விரிச்சுத் தந்தாங்க. உழுகறது சீக்கிரமே வந்துருச்சு. எந்திரிக்கறதுதான் வரலை. வராததுக்குக் காரணம் என் ஒடம்பு மட்டும் இல்லைங்க, எங்க ஊர்க்காரங்களோட மரியாதை!

நான் தொப்புன்னு உழுந்த அடுத்த நொடி, அந்த ஹால்ல இருக்கற அத்தனை பேரும் ஓடி வருவாங்க. "ஏனுங்கக்கா, அடி பட்டுருச்சுங்களா?" ஒருத்தன் கையைப் புடிப்பான், ஒருத்தன் முதுகைத் தாங்குவான், பேங்க் ஆபீசர் தண்ணி கொண்டாருவார். ஒரு பொம்பள தரையில கெடக்கறப்ப நின்னு வேடிக்கை பாக்கறது எங்க பக்கம் வளந்தவங்களுக்கு ஆகவே ஆகாது. மாஸ்டரே அப்படித்தான். என் கழுத்தைப் புடிக்கற மாதிரி தாக்கிப் பழகோணும்னா, "அக்கா, புடிக்கறனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க"ன்னு சொல்லிட்டு என் துப்பட்டாவை மட்டும் பட்டும் படாமத் தொடுவார். நான் அதைத் தட்டி உட்டா, எல்லாருமாச் சேந்து, "நல்லாப் பண்றீங்கக்கா"ம்பாங்க. ஒரு மாசம் இப்படியே ஓடிப் போச்சு. ஒரு தடவைகூட நானா எந்திரிக்கலை.

ஆடி முடியற சமயத்துல ஒரு நாள் உழுந்தேன். வழக்கம்போல ஓடி வந்தாங்க. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ரோசம் வந்துச்சோ, படுத்த வாக்குலயே கத்துனேன்.

"ஆரும் கை குடுக்காதீங்க! கிட்ட வந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்! நீங்க தூக்கித் தூக்கி உட்டா நான் எப்ப எந்திரிக்கறது? தீவாளிக்கு எனக்கு வேலை போயிரும், தெரியுமா உங்களுக்கு?"

எல்லாரும் நின்ன எடத்துல நின்னாங்க, ஆனா நிக்க முடியாமத் தவிச்சாங்க. நான் ஒரு பக்கமாப் பெரண்டு மொனகறதப் பாத்துட்டு ஒரு பையன் தன்னையறியாம ரெண்டு எட்டு வெச்சான், நான் மொறைச்சதும் நின்னான். அப்பத்தான் மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்துச்சு. "எல்லாரும் செவுத்துப் பக்கம் திரும்பி நில்லுங்க"ன்னார். அவரும் திரும்பிக்கிட்டார். கண்ணால பாத்தாத்தான கை பரபரன்னு வரும்!

பதினஞ்சு ஆம்பளைங்க செவுத்தைப் பாத்து நிக்கறாங்க. நடுவுல நான் தனியாத் தரையில கெடக்கறேன். கொஞ்ச நேரம் சிரிப்பு வந்துச்சு, பொறவு அழுகை வந்துச்சு, பொறவு வேலையப் பாத்தேன். வலது பக்கமாப் பெரண்டேன். முழங்கையை ஊனுனேன். எடது காலை மடக்கிப் பாதத்தைத் தரையில வெச்சேன். இடுப்பைத் தூக்கறப்ப வழுக்கி மறுபடி உழுந்தேன். "ஆச்சுங்களாக்கா?"ன்னு செவுத்தைப் பாத்துக்கிட்டே ஒருத்தன் கேட்டான். "ஆகலை, திரும்பாதீங்க!" மறுபடி பெரண்டேன். மறுபடி கேட்டான். "ஆகலைங்கறனல்ல!" அன்னைக்கு முடியவே இல்லை. மேசைக் காலைப் புடிச்சுத்தான் எந்திரிச்சேன். ஆனாலும் ஒரு மனுசக் கை என்னைத் தொடலை. அது எனக்குப் பெரிய சந்தோசம்.

ஆவணி பொறந்துச்சு, முகூர்த்தம் ஆரம்பிச்சுது, ஹால்ல பந்தி நடந்துச்சு. எங்க வகுப்பை மொட்டை மாடிக்கு மாத்துனாங்க. கீழ சாம்பாரு கொதிக்கற வாசம் வரும், மேல நான் உழுந்து பெரளுவேன். ஒரு நாள், மேசையும் இல்லை, செவுரும் எட்டலை, முழங்கை ஊனி, கால் மடக்கி, இடுப்பைத் தூக்கி, ஒத்தை முட்டியில நின்னுட்டேன். அங்கிருந்து தொடையை அழுத்தி நேரா நிமிந்தேன். "திரும்புங்க"ன்னேன். திரும்பிப் பாத்தவங்க கை தட்டுன தட்டுல, கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரைங்க மாடியேறி வந்து என்ன விசேசம்னு கேட்டாங்க. "அக்கா எந்திரிச்சுட்டாங்க"ன்னு மாஸ்டர் சொன்னார். அவங்களுக்கு ஒண்ணும் புரியலை.

ஒரு தடவை எந்திரிச்சாப் போதுமா? காலுக்கும் இடுப்புக்கும் தெம்பு வேணும். என் ஊட்டுக்காரர்கிட்ட, பக்கத்து லேத்துல சொல்லி ஒவ்வொண்ணும் அஞ்சு கிலோவுல கைக்குப் புடிக்கற மாதிரி ரெண்டு தம்பில்ஸ் குண்டு கடைஞ்சு தரச் சொன்னேன். சந்தோசமாத் தந்தார், பாலீஷ் எல்லாம் போட்டு. ரொம்ப லேசா வந்துச்சு. நமக்குப் பலம் வந்துருச்சோன்னு பூரிச்சுப் போயிட்டேன். அப்பறமும் ஒரு சந்தேகம். பவுண்டரிக்குக் கொண்டு போய் எடை போட்டேன். ஒண்ணுகூட மூணு கிலோ வரலை.

"ஏனுங்க, எடை போடறதே என் பொழப்பு, எங்கிட்டயேவா?"

"அஞ்சு கிலோ தூக்குனா கை வலிக்குமல்ல கண்ணு?"

இந்த மனுசனை என்ன பண்ணறது, சொல்லுங்க. திட்டவும் முடியலை. தம்பில்ஸை எம்பொண்ணுகிட்டக் குடுத்துப்போட்டு, சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி ஓட்டை உழுந்து கழிச்சுப் போட்ட பம்ப் வார்ப்பு ஒண்ணை வாங்கிட்டு வந்தேன். முதுகு வளையாம, காலை அகட்டிக் குந்தி, தொடையால தூக்கோணும்னு மாஸ்டர் காட்டிக் குடுத்திருந்தார். காலையில பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி அதைத் தூக்கி எறக்குவேன். பொறவு அதைவிடப் பெருசு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். எடை கொறைஞ்சுதான்னு மட்டும் கேக்காதீங்க. நாலு கிலோ கொறைஞ்சுது, நோம்பிப் பலகாரத்துல ரெண்டு திரும்பி வந்துருச்சு.

மாமியார் ஒரு நாள் அதைப் பத்தி நேராவே வாயைத் தொறந்தாங்க. நான் வாசல்ல சுடிதாரோட உழுந்து எந்திரிச்சுட்டு இருந்தேன். "அந்தப் பைசாமாவுல எந்திரிக்கறே, செரி. ரோட்டுல சேலையிலதான அம்மணி போறே?"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. அவங்க சொன்னது வாஸ்தவம். பவுண்டரிக்குச் சுடிதார்ல போற காலம் இல்லை அது. அன்னையிலிருந்து சேலையைக் கட்டிக்கிட்டு உழுந்தேன். மொதல்ல சேலை காலைச் சுத்தி மறுபடி பழைய கதை. பெரளறப்பவே ஒரு கையால கொசுவத்தை முட்டிக்கு மேல இழுத்துக்கோணும்னு நானாக் கண்டுபுடிச்சேன். இது மாஸ்டருக்கே தெரியாத பாடம்.

தீவாளிக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப, பொழுதோட அவர் கடையில இருந்து வந்ததும், "பாக்கறீங்களா?"ன்னேன். வேலைக்குப் போற சேலை, தோள்ல பை. "நீங்களே தள்ளுங்க." அவர் தள்ளுவாரா? என் தோளைத் தொட்டுட்டுக் கையை எடுத்துக்கிட்டார். நானே மல்லாக்க உழுந்தேன். அவர் பதறிக் குனிஞ்சார். "கையை எடுங்க"ன்னேன். பெரண்டேன், ஊனுனேன், எந்திரிச்சேன். நின்னு பையைத் தோள்ல சரி பண்ணிக்கிட்டேன். எம்பொண்ணு குதிச்சா. மாமியார், "ம்"னாங்க. அவங்க அவ்வளவு சொன்னதே பெருசு.

அவர் முகத்துல சந்தோசம் இருந்துச்சு, இல்லைங்கலை. ஆனா வாயி வேற சொல்லுச்சு. "செரி செரி, நோம்பி போகட்டும், பாக்கலாம்."

நோம்பி போச்சு. "மழை புடிச்சிருக்குதல்ல, தை பொறக்கட்டும்"னார். தை பொறந்தா வேற ஒண்ணு பொறக்கும்னு எனக்குத் தெரியாதா? திருடன் தள்ளுனதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். பேச்சு மாத்த மாட்டேன்னு சொன்ன மனுசன் மாத்துனதுதான் எனக்கு ஆறலை. இத்தனைக்கும் அவர் மேல கோவப்படக்கூட முடியாத மாதிரி, அவ்வளவு பிரியத்தோட மாத்தறார். "திங்கக்கெழமை நான் பஸ்ஸுலதான் போறனுங்க"ன்னு முடிவாச் சொன்னேன். அவர் குனிஞ்சு சோத்தைப் பெசைஞ்சார்.

திங்கக்கெழமை காலையில வாசலுக்கு வந்தா, கேட்டுக்கு உள்பக்கம் ஒரு கெணத்து மோட்டாரு உக்காந்திருக்குது. ரீவைண்டிங்குக்கு வந்தது. கடைக்கு வர்ற மோட்டாரு ஒரு நாளும் ஊட்டுக்கு வந்ததில்லை. எங்க கேட்டு உள்பக்கமாத் தொறக்கறது, மோட்டாரு சரியா ரெண்டு கதவும் சேர்ற எடத்துல இருந்துச்சு. உள்ள இருந்து அவர் குரல் கேட்டுச்சு. "தலைக்குத் தண்ணி வாத்துட்டு வந்து நகத்தறேன் அம்மணி. சித்த இரு. பஸ்ஸு போனாப் போகுது, ஸ்கூட்டர்லயே கொண்டு போய் உட்டுடறேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தா, போகக் கூடாதுன்னு கத்தியிருந்தா, நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இப்படிப் பாசத்தைக் கொண்டாந்து கதவுக்கு முன்னால வெச்சா ஒருத்தி என்னதான் பண்ணுவா? பஸ்ஸு வர்ற நேரம் ஆயிட்டு இருந்துச்சு.

பையைக் கீழ வெச்சேன். முந்தானையை இடுப்புல சொருகுனேன். காலை அகட்டிக் குந்தி, மோட்டாருக்கு ரெண்டு பக்கமும் நல்லாப் புடி கெடைக்கற எடத்தைத் தேடிப் புடிச்சேன். எத்தனை வார்ப்புக்கு எடை போட்டவ நான், பாத்ததுமே தெரிஞ்சுது, நாப்பது கிலோவுக்குக் கொறையாது. முதுகை நேரா வெச்சுக்கிட்டு, தரையைக் காலால மிதிச்சுத் தள்ளி எந்திரிச்சேன். மோட்டாரும் எங்கூட எந்திரிச்சுது. நாலு எட்டு நடந்து, செம்பருத்திச் செடிக்குப் பக்கத்துல அலுங்காம எறக்கி வெச்சேன். கையைச் சேலையில தொடச்சுக்கிட்டு நிமிந்தா, அவர் தலையில தண்ணி சொட்டச் சொட்ட, துண்டோட வாசப்படியில நிக்கறார். எப்ப வந்தார்னு தெரியலை. மோட்டாரையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தார்.

"ஏன் அம்மணி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எடுத்து உட்டிருப்பனல்ல?"

"ஆனியிலிருந்து சொல்லிட்டுத்தானுங்க இருக்கேன்"னேன்.

அவர் எறங்கி வந்து, ஈரக் கையோட கேட்டு ரெண்டையும் அகலத் தொறந்து உட்டுட்டு ஒதுங்கி நின்னார். நான் பையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுல எறங்குனேன்.